வரிசைக்கு ஒரு நோஞ்சான்

உங்கள் அலுவலக வாசலில் இருக்கும் ரோஜாக்களுக்கு யாரோ சாயங்காலத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து காலையில் ஊற்றச் சொல்லுங்கள், அதுவும் வேரில். இலையில் ஊற்றினால் விடிய விடிய ஈரம் காயாது; கரும்புள்ளி நோய்க்கு வேறு என்ன வேண்டும்? உள்ளே வரும்போது பார்த்தேன், அடி இலைகளெல்லாம் மஞ்சளாகி, பொட்டுப் பொட்டாகக் கறுத்துக் கிடக்கின்றன. இப்படியே விட்டால் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். அந்த வாசலில் நாள் முழுக்கப் போகிற வருகிற ஒருவர் கண்ணிலும் இது படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, நீங்கள் கேட்டது கதவைப் பற்றி. கதவு பூட்டியிருந்ததா என்று கேட்டீர்கள். பூட்டவில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். இந்த விசாரணைக்குக் கிளம்பும்போது எங்கள் இயக்குநர் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, பாடம் நடத்த ஆரம்பிச்சுடாதீங்க" என்றார். ஆனால் மேடம், நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள், குறுக்கே பேசவில்லை. எனக்கு வீட்டில்கூட இந்தக் கொடுப்பினை இல்லை. கதவெல்லாம் கடைசியில் வருவது. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் செடிகளின் வேதியியல் பார்க்கிறவன். இலைக்குள் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ரோஜாக் குச்சிகளைக் கதிர்வீச்சுக்குக் கொடுத்து நட்டு வளர்க்கிறார்கள். பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்தவற்றில் பாதி கோணல்மாணலாக வரும். இலை சுருண்டிருக்கும், பூவில் இதழ் இருக்காது. எப்போதாவது ஒன்று, தாய்ச்செடிக்கு இல்லாத ஒரு சாமர்த்தியத்தோடு முளைத்து வரும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். அழகான பூ ஊர் முழுக்க இருக்கிறது. மருந்து தெளிக்காமலே நோயைத் தாங்கி நிற்கிற செடிதான் எங்களுக்கு வேண்டும்.

தாங்குமா தாங்காதா என்று எப்படித் தெரியும்? நோயைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் வெளியாட்கள் முகம் சுளிப்பார்கள். எங்களிடம் ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கிறது, அதை நோய்க்கூடம் என்போம். கரும்புள்ளி விழுந்த இலைகளைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை எல்லாச் செடிகள் மேலும் தூவி, காற்று வருகிற பலகைகளை மூடி, ஒரு முழு நாள் புழுக்கத்தில் வைப்போம். உள்ளே போகிறவர்கள் முன்னறையில் தங்கள் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சட்டைப்பை இல்லாத வெள்ளை அங்கி போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கடிகாரம், செல்போன், சீப்பு எதுவும் கூடாது. நோய் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். எனக்கு விதிகளில் நம்பிக்கை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில், எந்த நோய் வந்தாலும் முதலில் விழுகிற ஒரு செடியை வைப்போம். கூடத்து ஆட்கள் அதை நோஞ்சான் என்பார்கள். பேர்தான் நோஞ்சான், அந்த வரிசையிலேயே முக்கியமான செடி அதுதான். யோசித்துப் பாருங்கள், வரிசையில் எல்லாமே பச்சைப்பசேல் என்று நின்றால் என்ன அர்த்தம்? எல்லாம் நோயைத் தாங்கிவிட்டன என்றும் இருக்கலாம்; நோய் பிடிக்கவே இல்லை என்றும் இருக்கலாம். நோஞ்சான் விழுந்தால்தான் நோய் வந்தது உறுதி. அதனால் நோஞ்சானுக்கு மருந்து அடிக்கக் கூடாது, கெட்ட இலையைக் கிள்ளிவிட்டுக் காப்பாற்றக் கூடாது, பாவம் பார்த்து வெயிலில் எடுத்து வைக்கக் கூடாது. புதிதாக வருகிற எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். என் மைத்துனனும் செய்தான்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. நிலையத்தில் அவனை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள், கத்தரியைக் கையில் எடுத்தால் வாய் தானாக விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என் மனைவிதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனும் வளர்ந்தான், ஆனால் எந்த வேலையிலும் நிலைத்து நிற்கவில்லை. ஒரு நாள் என் மனைவி, "தம்பிக்கு உங்க எடத்துல ஒரு வேலை பாத்துக் குடுங்களேன்" என்றாள். மறுநாளே பேசி, நோய்க்கூடத்தில் செடிகளைக் கத்தரிக்கிற வேலையில் சேர்த்துவிட்டேன். அவன் அடங்காதவன் என்று பயந்துகொண்டுதான் சேர்த்தேன். ஆனால் கை சுத்தம். எந்தக் கணுவுக்கு மேல் வெட்டினால் எந்தப் பக்கம் துளிர்க்கும் என்று சொல்லிக் கொடுக்காமலே வந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு நோஞ்சானைத் தூக்கிக் கொண்டுபோய் வெளியே வெயிலில் வைத்துவிட்டான். "என்ன மாமா, இது மட்டும் செத்துட்டு இருக்கு, ஒருத்தரும் கண்டுக்க மாட்டேங்கறீங்க" என்றான். நான் திட்டவில்லை. இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரியே நிதானமாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சாகறதுதான் இதுக்கு வேலையா?" என்றான். ஆமாம் என்றேன். "நல்ல வேலைதான் போங்க" என்று சிரித்துக்கொண்டே தொட்டியைத் திருப்பி எடுத்து வந்து வைத்தான். அப்புறம் அந்தத் தப்பை அவன் செய்ததே இல்லை.

விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவான். சமையலறையில் அக்காவும் தம்பியும் பேசுவது முன்னறையில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கும். நான் ஒரு வேடிக்கையைச் சொன்னால் அவளுக்கு அதை விளக்க வேண்டும். அவன் பாதி வாக்கியம் சொல்வதற்குள் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிலருக்குச் சிலரிடம் அப்படி ஒரு ராசி. எனக்கு அதில் பொறாமை எதுவும் இருந்ததில்லை, இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்த வருடம்தான் அழுத்தக்காரி வந்தாள். ஒரு செடியை அவள் என்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், மைத்துனன் வைத்த பெயர், எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளுத்த மஞ்சள் பூ, நடுவில் லேசாகச் செம்மை. இரண்டு பக்கமும் நோஞ்சான்கள் இலை உதிர்ந்து மொட்டையாகி நிற்க, இது ஒரு புள்ளிகூட விழாமல் நின்றது. மறுபடி தூவினோம், மறுபடியும் அப்படியே. "எவ்வளவு அடிச்சாலும் வாயத் திறக்க மாட்டேங்கறா மாமா, சரியான அழுத்தக்காரி" என்றான். இளந்தளிர்களைத் தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். கத்தரித்தால் ஒரு வாசனை வரும், புதிதாகச் சீவிய பென்சில் மாதிரி.

அந்தப் பிசுபிசுப்பை வழித்து லேபில் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். தாய்ச்செடியின் வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகப் போகிற இடத்தில் இதில் உயரமாக எழுந்து நின்றது. வேறு எந்த ரோஜாவிலும் அது இல்லை. நோய்ப் பூஞ்சை வளர்கிற தட்டில் ஒரு சொட்டு விட்டேன், சுற்றிலும் பூஞ்சை கரைந்து வட்டமாக வெறுமையாகிவிட்டது. இதுவரை யாரும் எங்கும் பதிவு செய்யாத பொருள். அதை முதலில் பார்த்த கண் என்னுடையது. மேடம், நான் இத்தனை வருடங்களாக மற்றவர்கள் கண்டுபிடித்ததைச் சரிபார்த்துக் கொடுத்தே வாழ்ந்தவன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. லேபில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மைத்துனனுக்கு இருமல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் வெறும் தொண்டைக் கரகரப்பு. பிறகு சாயங்காலங்களில் வறட்டு இருமல். கத்தரிக்கும்போது விசில் சத்தம் நின்றுபோனதை ஆட்கள்தான் முதலில் கவனித்துக் கிண்டல் செய்தார்கள். அவனும் விட்டுக் கொடுக்கவில்லை. "இப்பல்லாம் வாயால அடிக்கறதில்லப்பா, நெஞ்சே அடிச்சுக்குது" என்றான். பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்டது.

என் வேலையில் பழகியவனுக்குக் கண் சும்மா இருக்காது. வார விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வரும்போது அவன் நன்றாக இருந்தான், மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினான். வேலைக்கு வந்த அன்று சாயங்காலம் மறுபடி இருமினான். அதிலும் அழுத்தக்காரி வரிசையைக் கத்தரித்த நாளில் அதிகம். அதே கூடத்தில் கத்தரி பிடிக்கிற இன்னும் இரண்டு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள், ஒருவன் மட்டும் விழுகிறான். அன்று எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

அவனுக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் தேநீர் வேளையில், "இந்தச் செடிதான் எனக்கு ஆகலையோ மாமா?" என்று கேட்டான். "ரோஜாவால யாருக்காவது மூச்சு வாங்குமா? தூசியா இருக்கும்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. நிரூபணம் ஆகாத ஒன்றை ஆமாம் என்று சொல்வதற்கு எனக்குப் பழக்கமில்லை.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். செலவும் என்னுடையதுதான். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு ஆஸ்துமா என்றார். "வேலை பாக்கற எடத்துல மருந்து கிருந்து தெளிக்கறாங்களா?" என்று கேட்டார். மைத்துனன் என் முகத்தைப் பார்த்தான். "எங்க கூடத்துல மட்டும் ஒரு சொட்டு மருந்துகூட தெளிக்கறதில்ல டாக்டர்" என்றேன். அது முழு உண்மை. நோய்க்கூடத்தில் மருந்து தெளித்தால் சோதனை என்னாவது? அவரும் தலையை ஆட்டி, உறிஞ்சுகிற மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். கேட்கத் தெரிந்திருந்தால் அவர் வேறு கேள்வி கேட்டிருப்பார். அவருக்குப் பதிலாக நான் கேள்வி கேட்க முடியாது.

பிறகு நான் செய்ததை என் மனைவி இன்றும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள். அவனைக் கூடத்திலிருந்து எடுத்து வெளிப் பாத்திகளில் போட்டேன். நல்ல காற்று, வெயில். சில வாரங்களில் ஆளே மாறிவிட்டான். முகம் தெளிந்தது, விசில் திரும்பி வந்தது. வீட்டில் என் மனைவி நான் கேட்காமலே எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க மட்டும் இல்லேன்னா அவன் என்ன ஆயிருப்பான்" என்றாள். அந்தச் சில வாரங்கள் எங்கள் வீட்டில் நன்றாகத்தான் இருந்தன.

பிறகு அவனை மறுபடி உள்ளே கூப்பிட்டேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் பேனா நின்றது, கவனித்தேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வெளியே எடுத்ததும் சரியானான் என்பது ஒரு செய்தி, அவ்வளவுதான். பருவம் மாறியிருக்கலாம், மருந்து கேட்டிருக்கலாம். திரும்ப உள்ளே வைத்து, திரும்ப விழுந்தால்தான் அதற்கு எடை உண்டு. எங்கள் துறையில் இதைச் செய்யாமல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவனிடம், "அழுத்தக்காரிக்கு உன் கைதான் ஒத்து வருது, மத்தவங்க வெட்டினா துளிர்க்க மாட்டேங்குது" என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "சொன்னேன்ல மாமா, அவ யாருக்கும் மசிய மாட்டா" என்றான்.

இந்தத் தடவை நாள் கணக்கு இல்லை, அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. உடம்பு அந்தப் பொருளை ஞாபகம் வைத்திருந்தது. ஒருமுறை அறிமுகமானால் பிறகு தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டு சண்டைக்கு நிற்கிற உடம்புகள் இருக்கின்றன. அவனுடையது அந்த ரகம்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். என் நிலையில் இருந்து பாருங்கள். இயக்குநர் தினமும் என் மேசைக்கு வந்து நின்றார். பூங்காக்களுக்கும் பள்ளிக்கூட வேலிகளுக்கும் அந்தச் செடி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் செடியால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். "உங்களுக்கு என்னதான் சார் சந்தேகம்?" என்று குரலை உயர்த்தினார். நான் போடவில்லை. குழந்தைகள் ஓடியாடுகிற இடத்தில் நிற்கப்போகிற செடி. ஊர் நன்மையை நினைத்த ஒரே ஆள் அந்த நிலையத்தில் நான்தான்.

மறுபக்கம், சந்தேகத்தை வெளியே சொன்னால் என்ன நடக்கும்? அன்றே எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கி எரித்துவிடுவார்கள். அந்தப் பொருள் என்ன, ஒரு உடம்பில் எப்படிப் பிடிக்கிறது, எந்த அளவில் பிடிக்கிறது, எதுவுமே யாருக்கும் தெரியாமல் சாம்பலாகிப் போகும். அதைப் பார்த்த முதல் கண்ணும் கடைசிக் கண்ணும் என்னுடையதாகவே இருந்துவிடும். கையெழுத்துப் போடவும் முடியாது, எரிக்கவும் மனம் வராது. இன்னும் கொஞ்சம் நிச்சயம் வேண்டியிருந்தது.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாள் காலையில் நோய்த் தண்ணீர் தூவிப் பலகைகளை மூடியிருந்தோம். அப்படி மூடியிருக்கும்போது யாரையும் உள்ளே அனுப்புவதில்லை, அது வழக்கம். மற்ற இருவரையும் வெளிப் பாத்திக்கு அனுப்பிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மைத்துனனைக் கூப்பிட்டு, அழுத்தக்காரி வரிசை முழுவதையும் கத்தரிக்கச் சொன்னேன். முன்னறையில் அங்கி மாற்றிக்கொண்டு நின்றான். உறிஞ்சுகிற மருந்தை உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்தான்.

"மாமா, இத மட்டும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானப்பா. சட்டைலயே வெச்சுட்டுப் போ. நான் இங்கதானே இருக்கேன்."

ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு சட்டைப்பையில் போட்டுவிட்டு, "ஆமா, நீங்க இருக்கீங்கல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நான் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதல் சில செடிகள்வரை நன்றாகத்தான் வெட்டினான். பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டான். கத்தரியை மேடையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஊன்றி நின்றான். திரும்பிக் கதவை நோக்கி நடந்தான், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் கண்ணாடியைக் கையால் தட்டினான். நான் உள்ளங்கையை உயர்த்திக் கொஞ்சம் பொறு என்று காட்டினேன். தானாக அடங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சிலருக்கு அடங்கும்.

கதவு பூட்டியிருக்கவில்லை. லேசாகத் தள்ளினால் திறக்கிற கதவு. அவனால் அதுவரை வர முடியவில்லை, நானும் போய்த் திறக்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமெல்லாம் இல்லை. மாமா வந்துவிடுவார் என்ற நம்பிக்கைதான் அந்த முகத்தில் கடைசிவரை இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை மேடம். அவன் தட்டுவதை நிறுத்திய பிறகு உள்ளே போனேன். போவதற்கு முன்னால் சட்டையைக் கழற்றி, அங்கே தொங்கிக்கொண்டிருந்த அவன் சட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, அங்கி போட்டுக்கொண்டுதான் போனேன். அந்த அவசரத்திலும் விதியை மீறவில்லை என்று எங்கள் இயக்குநரே பிறகு வியந்தார்.

ஆஸ்துமா முற்றிப்போய் இறந்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரும் செடியைப் பற்றிப் பேசவில்லை. என் மனைவி சத்தம் போட்டு அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்க அவன்கூட இருந்தீங்களே, எனக்கு அது போதும்" என்றாள். நான் இருந்தேன் என்பது உண்மைதான். ஆமாம் என்றேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வேலையில் ஊறிய மனசு விடுமா? ஒரே ஒரு செடி விழுந்ததை வைத்து எங்கள் துறையில் எதையும் சொல்ல முடியாது. அந்தச் செடிக்கு மட்டும் வேறு ஏதாவது கோளாறு இருந்திருக்கலாம். இன்னொன்றிலும் நடக்க வேண்டும், கூடுமானால் அதே வம்சத்தில். இதை நான் தேடிப் போகவில்லை. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். அவளே கேட்டாள்.

"அவன் பேர் வெச்ச செடி ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டே இருப்பானே, அதுல ஒண்ணு வீட்டுக்குக் கொண்டு வாங்களேன். அவன் ஞாபகமா இருக்கும்" என்றாள். நோய்க்கூடத்துச் செடியை வெளியே எடுக்கக் கூடாது. அதனால் சுத்தமான கொட்டகையில் தனியாக வளர்த்த தொட்டி ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். குளிர் காலம் என்பதால் ஜன்னலை மூடித்தான் வைக்கிறோம். அவனுடைய கத்தரியை நிலையத்தில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தினமும் அதை எடுத்துக்கொண்டு போய்ச் செடி முன்னால் உட்கார்ந்து, காய்ந்த முனைகளை நறுக்கிக்கொண்டே அவனிடம் பேசுகிற மாதிரி என்னவோ பேசுவாள். எனக்குப் படிக்க வேண்டியிருப்பதால் நான் இப்போது முன்னறையில்தான் படுத்துக்கொள்கிறேன்.

தொண்டைக் கரகரப்பில்தான் ஆரம்பித்தது. துக்கத்தில் வருகிற இருமல் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், நான் மறுத்துப் பேசவில்லை. நடுவில் அவள் சித்தி வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினாள். அங்கே இருமவே இல்லை என்று சித்தி போனில் சொன்னார். எனக்கு மனசு கலங்கித்தான் போயிற்று. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே திரும்பி வந்தாள். "செடி வாடிப்போயிடும்" என்றாள். வந்த அன்று மத்தியானமே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைவிட வேகம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், முடிக்கப்போகிறேன்.

போனை எடுக்கிறீர்களா? எடுங்கள், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. எண்ணை நானே சொல்கிறேன். நான் காலையில் கிளம்பும்போது அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். நிறைய துளிர்த்துவிட்டது, இன்றைக்கு முழுச் செடியையும் ஒழுங்காக வெட்டிவிடுகிறேன் என்றாள். வாசனை வெளியே போகாமல் இருக்கட்டும், அவன் சட்டையில் வரும் வாசனை என்று கதவையும் சாத்திக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஜன்னலைத் திற என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

நீங்கள் ஆளை அனுப்பினால், கதவைத் தள்ளினாலே திறக்கும் என்று சொல்லிவிடுங்கள், அதிலும் பூட்டு கிடையாது. போனை அவளே எடுத்தால், எத்தனை கிளை வெட்டிய பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள், அப்புறம் ஞாபகம் இருக்காது. அடித்துக்கொண்டே இருக்கிறதா? சில சமயம் அவள் மெதுவாகத்தான் எடுப்பாள்.

என்னை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அவளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை வீட்டில் மனைவி சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள்? தம்பிக்கு வேலை கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். செடி கேட்டாள், கொண்டுவந்து கொடுத்தேன். இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு, நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.